ஷோகேஸில் ஒரு ரன்னர் அப் கப்

கடந்த சனிக்கிழமை டென்னிஸ் கோர்ட்டுக்குள் வந்த ஒரு மனிதரைப் பார்த்ததும், என் கணவர் பந்துக் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அவர் ஆறடி. கூடை முழங்கால் உயரம். மறைய முடியுமா, நீங்களே சொல்லுங்கள்!

வழக்கமான வாசகர்களுக்கு என் கணவரைத் தெரியும் — இந்தப் பத்தியில் அடிக்கடி அடி வாங்குபவர். புதியவர்களுக்காக: ஊர் நாவலப்பிட்டி, வேலை கண்டியில் ஒரு பாடசாலையின் டென்னிஸ் கோச். இளமையில் அவர் ஜெயித்த ஒரே கப் எங்கள் ஷோகேஸில் நடுநாயகமாக இருக்கிறது. ஜெயித்த என்றால்... அதில் 'ரன்னர் அப்' என்று எழுதியிருக்கும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அந்த ஃபைனல் கதையைச் சொல்லித்தான் பயிற்சியையே தொடங்குவார். சேறு, வழுக்கல், கடைசிவரை போராட்டம்... பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கல்யாணமான புதிதில் அவரே என்னிடம் உளறிய ஒரு விஷயம் மட்டும் அதில் வராது. அன்று காலையிலிருந்து கொட்டிய மழையில் மற்றவர்கள் வரவேயில்லை. வந்ததே இரண்டு பேர்தான். ஒருவர் சாம்பியன். மற்றவர் எங்கள் வீட்டுக்காரர்.

அந்தச் சாம்பியன்தான் இப்போது கோர்ட்டுக்குள் வந்தவர்! நஸீர் நானா — முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் 'நானா' என்றுதான் அழைப்போம். அலவத்துகொடயில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். மகளை டென்னிஸில் சேர்க்க வந்திருந்தார்.

வேறு நாளென்றால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அன்று பிரின்சிபல் மெடமும் வந்திருந்தார். வருடக்கணக்காகத் தற்காலிகக் கோச்சாக இருக்கும் என் கணவரை நிரந்தரமாக்குவதா, கொழும்பிலிருந்து சர்டிபிகேட்டுகளோடு வரும் ஓர் இளைஞரை எடுப்பதா? அன்றுதான் முடிவு. அதனால்தான் நானும் துணைக்குப் போயிருந்தேன். இவரிடம் சர்டிபிகேட் கிடையாது. கப் மட்டும்தான்.

"வா, போயிருவோம்" என்று என் காதில் கிசுகிசுத்தார்.

"எங்கங்க போறது? நீங்கதானே கோச்!"

அதற்குள் நானா வந்து கட்டிப்பிடித்துவிட்டார். "மெடம், இவர் ஆருண்டு தெரியுமா? நானும் இவரும் ஃபைனல்ல மோதின ஆக்கள்!"

மெடம் கணக்கு டீச்சராக இருந்தவர். விடுவாரா? "அப்படியா! மொத்தம் எத்தனை பேர் விளையாடினீங்க?"

நான் கேலி செய்வது வேறு. இந்த வேலை போனால் மனிதர் உடைந்துபோவார் என்று எனக்குத்தானே தெரியும்?

நானா கொஞ்சமும் அசரவில்லை. "எங்க ரெண்டு பேரத் தவிர ஒத்தராலயும் ஃபைனலுக்கு வர ஏலாமப் போச்சு, மெடம்."

"செமி ஃபைனல்?"

"அதுல எனக்கு முன்னுக்கு நிக்க ஒத்தருமே இல்ல!"

ஒரு வார்த்தை பொய் உண்டா? பக்கத்தில் மகள் வாப்பாவைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓஹோ... அலவத்துகொடயிலும் ஒரு ஷோகேஸ் இருக்கிறது!

பிறகு அந்தப் பிள்ளையை ஒரு சின்ன ஆட்டம் ஆடவிட்டார்கள். படுதோல்வி. ராக்கெட்டைப் போட்டுவிட்டு அழத் தொடங்கினாள். "வாப்பா சாம்பியன்... எனக்கு ஒரு கேம்கூட எடுக்க ஏலல்ல."

என் கணவர் மெடமை மறந்தார், வேலையை மறந்தார். ஓடிப்போய் அவள் முன் குந்திக்கொண்டு ஏதோ ரகசியம் சொன்னார். அழுத முகம் சிரித்தது. ராக்கெட்டை எடுத்துக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குள் ஓடினாள்.

மெடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொழும்புத் தம்பிக்கு வேணாம்னு சொல்லிடுறேன்" என்றார் என்னிடம். கண் கலங்கியது எனக்கு. உங்களிடம் மறைப்பானேன்?

வீட்டுக்கு வரும் வழியில் த்ரீவீலில் கேட்டேன். "அந்தப் புள்ளகிட்ட அப்படி என்னங்க சொன்னீங்க?"

"ஒங்க வாப்பாகிட்ட நானும் ஒரு கேம்கூட எடுக்கல, அப்புறந்தான் கோச் ஆனேன்னு சொன்னேன்."

போராட்டம், கடைசிவரை என்றதெல்லாம்...? சரி, போகட்டும். எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு கப் இருக்கத்தான் செய்கிறது. போட்டியில் எத்தனை பேர் என்று நாம்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.

கடைசியாக வந்ததற்குக் கப் வாங்கிய மனிதர் என் வீட்டில் இருக்கிறார் — வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்துப் பளபளப்பாக்குவது நான்தான்!