விலாசத்தைக் கேட்டு வைத்தியம்

தெமோதரைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறேன். வேலை பண்டாரவளைத் துணிக்கடையில். ஆள்காட்டி விரல் மூட்டில் கட்டி ஒன்று தோன்றியதும் டிஸ்பென்சரிக்குப் போனேன். விலாசத்தைக் கேட்ட டொக்டர், "கொழுந்து எடுக்கிற கை வீங்கத்தான் செய்யும்" என்று மாத்திரை எழுதினார்.

"நான் கொழுந்தே எடுத்ததில்லைங்க" என்றேன். அவர் காதில் வாங்கவேயில்லை.

கட்டி வளர்ந்து விரல் மடங்காமல் போனது. பதுளையில் வேறொரு டொக்டர் அழுத்திப் பார்த்ததுமே ஸ்கேனுக்கு அனுப்பினார். வெட்டியெடுத்துப் பரிசோதித்தார்கள். மூட்டருகே அபூர்வமாக வரும் கட்டியாம், புற்றுநோய் இல்லை.

தப்பித்தேன், ஆத்திரம்தான் அடங்கவில்லை. என் அம்மா கொழுந்து எடுப்பவர். அதற்காக அம்மாவின் கையை டொக்டர் தொட்டுப் பார்க்கவே வேண்டாமா?

இப்போது அம்மா டிஸ்பென்சரிக்குப் போனால் நானும் கூடப் போகிறேன். "மொதல்ல தொட்டுப் பாருங்க சேர், பொறகு எழுதுங்க" என்பேன். தொடும்வரை நாங்கள் எழும்புவதில்லை.