குடும்பத்தோடு வா என்றேன்

மாப்பிள்ளையூரணியில் எனக்கு ஒரே ஒரு வாடகை வீடு உண்டு. வீட்டுக்காரன் என்ற மிடுக்கு மட்டும் மூன்று மாடி உயரம்.

துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஒடிசாக்காரர் மனோஜ் ஒருநாள் வீடு கேட்டு வந்தார். வடக்கத்தி ஆட்களுக்கு எங்கள் தெருவில் யாரும் வீடு தருவதில்லை. எனக்கோ முகத்துக்கு நேரே மறுக்கப் பயம்.

"குடும்பஸ்தனுக்குத்தான் தம்பி வீடு. குடும்பத்தோட வாங்க, பாப்போம்" என்றேன்.

தனி ஆளைத் தட்டிக்கழிக்க இங்கே எல்லோரும் சொல்வதுதான் அது. கேட்டவர் திரும்பி வரமாட்டார். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்துக் காலையில் கதவைத் திறந்தால், மனோஜ் நிற்கிறார். கூடவே மனைவி, ரயில் பயணத்தில் வாடிப்போன பெண்குழந்தை, இரண்டு மூட்டை, ஒரு குக்கர்.

"குடும்பம் வந்தாச்சு அண்ணாச்சி! ஊர்ல வீட்டைக் காலி பண்ணியாச்சு."

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்றொரு பொய்யைத் தயார் செய்தேன். அதற்குள் என் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டுவிட்டாள்.

"ஏளா, நான் சும்மா பேச்சுக்குல்லா சொன்னேன்" என்று அவள் காதில் முணுமுணுத்தேன்.

"அந்தப் பேச்சை நம்பித்தான இந்தப் பிள்ள ரயிலேறி வந்திருக்கு? வாயால கெடுத்திய, கையால சாவியக் குடுங்க."

கொடுத்தேன். மனோஜ் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார்.

"எல்லாரும் போன்னாங்க அண்ணாச்சி. நீங்க மட்டுந்தான் வான்னு சொன்னீங்க."

மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தைரியம் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. அந்தக் கோழைத்தனத்தைத்தான் அவர் அன்பு என்று நினைத்துவிட்டார். அவர் நம்பிய அந்த நல்ல மனிதனாக நான் நடிக்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. இன்னும் கொஞ்சம் ஒத்திகை தேவைப்படுகிறது.