பங்களா எடம்

அமுதவள்ளி சொன்னது இரண்டே வார்த்தைதான். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்குக் கீழே நிலம் அளக்க வந்த சர்வேயர், "இது யாரு எடம்மா?" என்று கேட்டார். ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பங்களா எடம்யா" என்றாள்.

பதினோரு வீடுள்ள அந்தத் தெருவுக்குப் பேரே அதுதான். அங்கே பிறந்த பிள்ளை நடக்கப் பழகுவதற்கு முன்பே எசமானின் பங்களாவுக்குப் பண்ணையாள். வேளைக்குக் கஞ்சி, வருசத்துக்கு ஒரு துணி. வேலையை விட்டு ஓடியவர்களை மரத்தில் கட்டிவைத்து அடித்த கதையெல்லாம் உண்டு. பண்ணையம் ஒழிந்து எத்தனையோ வருசம் ஆயிற்று. பேர் மட்டும் ஒழியவில்லை. சர்வேயர் அதை அப்படியே எழுதி, கையெழுத்தும் வாங்கிப் போனார்.

இப்போது, நிலம் பங்களாவுக்குச் சொந்தம் என்று, மாதக் கடைசிக்குள் பதினோரு வீட்டையும் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ்.

குழாயடியில் அதே தெரு முருகேஸ்வரி சும்மா விடவில்லை. "நாக்காலயே தெருவ இடிச்சவ வாரா, வழி விடுங்கடி."

பழைய அத்தாட்சி இருந்தால் கொண்டுவா என்றார்கள் தாலுகா ஆபீசில். பங்களாவை இப்போது சுற்றுலாக்காரர்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். அங்கே பெருக்கப் போகிற அதே முருகேஸ்வரிதான் மனம் கேளாமல் சொன்னாள்: "ஒங்கய்யா போட்டோ கூடத்துல தொங்குதுடி. போய்ப் பாரு."

ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக அமுதவள்ளி பங்களா முன்வாசலில் நுழைந்தாள். செருப்பு தானாகக் கைக்கு வந்திருந்தது.

"போட்டுக்கங்கம்மா, இது கோயில் இல்ல" என்றாள், சுற்றிக்காட்டும் பெண் கவிப்ரியா.

போட்டோவில் அவளைப் பெத்த அய்யா கூத்தையா ஒரு வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் கூரைவீடு. வாசலில் வாய் உடைந்த உரல். அந்த உரல் இன்றைக்கும் அமுதவள்ளி வீட்டு வாசலில்தான் கிடக்கிறது.

"கீழ என்ன தாயி எழுதியிருக்கு?"

கவிப்ரியா படித்தாள். "எசமானின் குதிரை முத்துமாலை, லாயத்தின் முன்."

"லாயமா? அது எங்க வீடு. அந்த ஒரலு எங்காத்தா ஒரலு. குதிரைக்குப் பேரு போட்டிருக்கு, எங்கய்யா பேரு எங்க?"

"இங்க இப்படித்தாம்மா இருக்கு."

இதைப் படம் பிடித்துத் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோனால், குதிரை லாயத்தில் குடியேறியவர்கள் என்றல்லவா எழுதிவிடுவார்கள்? அமுதவள்ளி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

கவிப்ரியா இரக்கப்பட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குனிந்தாள். "எழுத்த மாத்தச் சொல்லி மேனேஜருக்கு ஒரு மனு கொடுப்போம். நானே எழுதுறேன். பேரு சொல்லுங்க."

"அமுதவள்ளி. அய்யா பேரு கூத்தையா."

"எந்தத் தெரு?"

ரேசன் கார்டிலும் பங்களா எடம்தான், வாக்காளர் அட்டையிலும் அதுதான். வேறு பேர் யாரும் வைக்கவில்லை. நாக்கு நுனிக்கு வந்ததை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா, எந்தத் தெரு?" என்று கேட்டு, பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தாள் அந்தப் பெண்.