முனியப்பன் வளைவுக்கு ஐந்து கட்டு இலை

மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை நாலே முக்காலுக்கு அயோத்தியாப்பட்டணத்திலிருந்து புறப்பட்டோம். வண்டி, எங்கள் தெரு ஜபருல்லாவின் குட்டியானை. பின்னால் ஈரச்சாக்கு போட்டு மூடிய ஐந்து கட்டு வாழையிலை. கட்டு எழுநூறு ரூபாய். வண்டி வாடகை, போக மட்டும், ஆயிரத்து இருநூறு. புதுச்சத்திரம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேராவிட்டால் இலை சுருண்டுவிடும்.

புதுச்சத்திரத்தைத் தாண்டி உள்ளே மூன்று கிலோமீட்டரில், நிலக்கடலை பிடுங்கிய காட்டில், வருடத்துக்கு ஒருமுறை மோட்டார் பைக் பந்தயம் நடக்கிறது. ஆசிய நாடுகளைச் சுற்றிச்சுற்றி நடக்கும் மண்தடப் பந்தயத் தொடரில் ஒரு சுற்று இங்கே. மலேசியா, தாய்லாந்து, இலங்கையிலிருந்தெல்லாம் ஓட்டுகிறவர்கள் வருவார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் என் தம்பி முருகேசன் அங்கே ஓட்டும்போது ஒரு வளைவில் விழுந்து மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த வளைவின் ஓரத்தில் ஒரு முனியப்பன் இருக்கிறார். தம்பி எழுந்து உட்கார்ந்தால், அங்கே பந்தயம் நடக்கிற வரைக்கும் வருடாவருடம் அன்று எல்லாருக்கும் போடும் சாப்பாட்டுக்கு ஐந்து கட்டு இலை கொண்டுவருகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உட்கார்ந்தான். இப்போது ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

மல்லூர் தாண்டும்போது ஜபருல்லா கேட்டான். "ஏண்ணே, மலேசியாக்காரனுக்கு இலையில சாப்பிடத் தெரியுமா?"

"நம்மள விட நல்லா சாப்பிடுவான். போன வருஷம் ரசத்தை இலையில வாங்கி ஒரு சொட்டு ஓடாம குடிச்சான். நம்மாளுங்கதான் முழங்கை வரைக்கும் ஒழுக விட்டுக்கிட்டாங்க."

"டிக்கெட் எவ்வளவு?"

"டிக்கெட் கிடையாது."

"சாப்பாட்டுக்கு?"

"அதுவும் கிடையாது."

"அப்ப இதுல யாருதாண்ணே சம்பாதிக்கிறாங்க?"

நாலு வருடமாகப் போய் வருகிறேன், இதை நான் யோசித்ததில்லை.

ஆறு மணிக்குக் காட்டில் இறங்கினோம். செல்லமுத்து வெள்ளை வேட்டியோடு ஓடி வந்தார். காடு அவருடையதும் அவர் தம்பிகளுடையதும். அவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ரெண்டு ஓடுகிறது. பந்தயத் தடத்தை உழுது, மட்டம் பார்த்து, தண்ணீர் அடித்து இறுக்குவதெல்லாம் அவர் மேற்பார்வை.

"வாங்க சாமி, வாங்க. எலை வந்துருச்சுன்னா பாதி வேலை முடிஞ்ச மாதிரிங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு எல்லாம் சுத்தபத்தமா இருக்கோணுங்க. கம்பெனியிலிருந்து ஆளு வருது."

அந்தத் தொடரை நடத்திவந்தவர்கள் போன வருடம் அதை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்களாம். அடுத்த வருடமும் இங்கே நடத்தலாமா, வேண்டாமா என்று பார்க்க அந்தக் கம்பெனி ஆள் அனுப்புகிறது. அதற்காகச் செல்லமுத்து செய்திருந்த ஏற்பாட்டைக் கேட்டு எனக்கும் மனம் குளிர்ந்தது. வழக்கமாக ஓரத்தில் கரும்புச்சாறு, பஜ்ஜி, ஐஸ் வண்டிகள் நிற்கும். இந்த முறை எவரும் எதையும் விற்கக்கூடாது, வருகிறவர்களுக்குச் சும்மா கொடுங்கள் என்று சொல்லி, வண்டிக்காரர்களுக்குக் கைக்காசு கொடுத்துவிட்டார். வருகிற அதிகாரி, இப்படி உபசரிக்கிற ஊர் எங்கே இருக்கும் என்று நினைக்கவேண்டும் அல்லவா?

எட்டு மணிக்குத் தண்ணீர் லாரி தடத்தைச் சுற்றி வந்தது. அந்தத் தண்ணீர் சுற்றுவட்டத்துக் கிணறுகளிலிருந்து வருகிறது. மாசியில் கிணறு கீழே போய்விடும். அப்படியும் பத்துப் பன்னிரண்டு குடும்பம் ஆளுக்கு ஒரு லாரி தண்ணீர் கொடுக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு அந்தக் கம்பெனி ஆள் காரில் வந்து இறங்கினார், ஒரு அம்மாள். பெயர் நிர்மலா, சென்னை, நாற்பது வயது இருக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு முனியப்பனைக் கும்பிட்ட பிறகுதான் தடத்தைப் பார்த்தார். எனக்கு அவர்மேல் நல்ல எண்ணம் வந்தது.

பந்தயத்துக்கு முன்னால் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு முனியப்பன் முன்னால் வரவேண்டும். பூசாரி பெட்ரோல் டேங்கில் திருநீறு இடுவார். தாய்லாந்துப் பையன் ஒருவன் ஹெல்மெட்டுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டான். முப்பது வண்டியும் சத்தமில்லாமல் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் தூரத்து நெடுஞ்சாலை லாரிகள் கேட்கும். பிறகு கொடி இறங்கும். புழுதியும் இரைச்சலும்தான், நாலு சுற்றுக்கு மேல் யார் முன்னால் என்று எனக்குத் தெரியாது. இலங்கைக்காரர் ஒருவர் ஜெயித்தார் என்றார்கள்.

ஒரு மணிக்குப் பந்தி. நான் இலை போட்டுக்கொண்டு போனேன். நிர்மலா அம்மாள் ஒரு ஓரத்தில் செல்லமுத்துவோடு நின்றுகொண்டிருந்தார். கையில் செல்போன், அதில் எதையோ நிரப்பவேண்டியிருந்தது.

"டிக்கெட் எத்தனை போச்சு சார்?"

"டிக்கெட்டுங்களா? அதெல்லாம் இல்லீங்க அம்மணி."

"கடைக்காரங்க எவ்வளவு தர்றாங்க?"

"நாந்தான் குடுத்தனுங்க. இன்னைக்கு ஒண்ணும் விக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டனுங்க." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அம்மாள் செல்போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "வந்தவங்க என்ன செலவு பண்றாங்கன்னு பாக்கத்தான் சார் என்னை அனுப்பியிருக்காங்க. எல்லா இடத்துலயும் சைபர்தான் வருது. நான் என்ன எழுதறது?"

"நல்லா இருந்துச்சுன்னு எழுதுங்க."

"அதுக்கு இதுல இடம் இல்லை."

செல்லமுத்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் அம்மாள் மறைக்காமல் சொன்னார். வேறொரு நாட்டில் கடற்கரை ஓரம் புதுத் தடம் கட்டியிருக்கிறார்கள். பந்தயத்தைக் கொடுத்தால் கம்பெனிக்குப் பெருந்தொகை தருகிறார்களாம். "உங்க மண்ணைப் பத்தி ஓட்டுறவங்க எல்லாருமே நல்லாத்தான் சொல்றாங்க சார். மண்ணை மட்டும் வச்சு நான் அங்க பேச முடியாது. அடுத்த வருஷம் டிக்கெட் போடறேன், அந்த வளைவுல மேடை கட்டி சீட் விக்கிறேன்னு எழுதிக் குடுங்க. ஒரு வருஷம் தள்ளிப்போட முயற்சி பண்றேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நானும் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் ரிக்கு வச்சிருக்கறவன் அம்மணி," என்றார் செல்லமுத்து. "தண்ணி வந்தாலும் வராட்டியும் அடிக்கு இத்தனைன்னு காசு வாங்கிப்போட்டுத்தான் வண்டிய எடுப்பேன். காசு வாங்கத் தெரியாதவன் இல்லீங்க. ஆனா இங்க உக்காந்திருக்கறவங்க தண்ணி குடுத்தவங்க. அவங்கவங்க வெள்ளாமைக்கு வேணுங்கற தண்ணி. அவங்ககிட்ட எப்படிங்க டிக்கெட் கேப்பேன்?"

பந்தியிலிருந்து ஒரு கிழவர், "கேளுடா, குடுக்கறோம். அப்புறம் தண்ணிக்கு நாங்க பில்லு போடறோம்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். செல்லமுத்துவும் சிரித்தார். எழுதிக் கொடுக்கவில்லை.

அம்மாள் உட்கார்ந்து சாப்பிட்டார். அவருக்கு இலை போட்டது நான்தான். எழுந்திருக்கும்போது பர்ஸைத் திறந்து, "இதுக்காவது ஏதாவது வாங்கிக்குங்க," என்றார். செல்லமுத்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அம்மாள் பர்ஸை மூடிவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வெளிநாட்டுக்காரர்கள் பைக்குகளைக் கழற்றி மரப்பெட்டிகளில் அடைக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வருடமும் கடலைச் சாக்கை அணைகொடுத்து அடைப்பார்கள். இந்த முறையும் அதே சாக்குகள்தான்.

ஐந்து மணிக்குச் செல்லமுத்து தன் ஸ்கூட்டரில் என்னைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டார். முதலில் வந்த வண்டி நிற்காமல் போனது. அடுத்ததற்குக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை அவரும் போகாமல் நின்றார்.

"அடுத்த வருசம் நம்ம பசங்க மட்டும்தானுங்க ஓட்டுவாங்க," என்றார். "கூட்டம் இருக்காது. ரெண்டு கட்டு போதுமுங்க சாமி."

சேலத்துக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது கோயிலுக்குப் போனாலும் செருப்பு விட ஐந்து ரூபாய், வண்டி நிறுத்த இருபது. நானும் முணுமுணுக்காமல்தான் கொடுக்கிறேன். அந்த அம்மாளைத் தப்புச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கேட்டு வரச் சொன்னதைக் கேட்டார்.

ஆனால் நான் வேண்டிக்கொண்டது பந்தயம் நடக்கிற வரைக்கும் என்று. யார் நடத்தும் பந்தயம், எந்த நாட்டுக்காரன் ஓட்டும் பந்தயம் என்று முனியப்பனிடம் நான் சொல்லவில்லை. உள்ளூர்ப் பையன்கள் பத்துப் பேர் ஓட்டினாலும் அது பந்தயம்தான். அதனால் ஐந்து கட்டுதான் கொண்டுபோவேன். மீந்த இலையைச் செல்லமுத்துவின் மாடுகள் தின்னட்டும்.