செத்துவிட்டதென்று நான் சொன்ன அத்தி

மரத்துக்கு வாய் இல்லை, ஆகவே நிம்மதியான தொழில் என்று நம்பித்தான் சாடியில் வளர்க்கும் அத்திகளுக்கு நோய் பார்க்கும் வேலையில் இறங்கினேன். வாய் மரத்தின் சொந்தக்காரருக்கு இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. பிழையாக நோய் சொல்லிவிட்டு அதே தெருவால் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனவர் யாராவது இருந்தால், என்னோடு வந்து உட்காருங்கள்.

கிணற்றடியில்

காத்தான்குடியில் ஒரு ஹாஜியார் வீட்டில் அத்தி இலைகளின் ஓரமெல்லாம் கருகிக் கிடந்தன. பங்கசு, பூஞ்சண நோய் என்றேன். மருந்து அடித்தேன். கருகல் கூடியது; இன்னும் கடுமையான மருந்து அடித்தேன். மரம் பாதியானது.

கடைசியாகப் போன அன்று மருந்துக் கையைக் கழுவிவிட்டு, அந்தக் கிணற்றுத் தண்ணீரால் வாயும் கொப்பளித்தேன். ஒரே உப்பு. கோடையில் வாவிக்கரைக் கிணறுகள் இப்படித்தான் உவர்க்கும், அந்த உப்பு இலையோரத்தைக் கருக்கும் என்று தெரிந்தவன்தான் நான். இந்தத் தண்ணீரையா மரத்துக்கு ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"ஓம் தம்பி, நாங்க குடிக்கிறது பைப் தண்ணி. மரத்துக்குக் கிணத்துத் தண்ணிதான். நீங்க ஒருநாளும் கேக்கல்லயே."

துரு நோய்

சித்தாண்டியில் ஒரு வாத்தியார். அவருடைய அத்தியில் உண்மையாகவே துரு நோய்தான். இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் தூள் படிந்திருந்தது. இந்த முறை சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தில், "நோய் பிடித்த இலைகளைப் பிடுங்கி எரியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். எவ்வளவு பிடித்தால் பிடுங்குவது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த கிழமை போனால் சாடியில் வெறும் குச்சிகள் நிற்கின்றன. வாத்தியார் என்னைப் பார்த்த பார்வையில் குற்றம் சொல்லும் எண்ணமே இல்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"உத்துப் பாத்தா எல்லா இலையிலயும் ஒரு பொட்டு இருந்திச்சு சேர். நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டன்."

மதிலுக்கு இரண்டு பக்கமும்

டவுனில் இருக்கும் மெர்லின் அன்ரி போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். அவருடைய அத்தி அடைமழையில் தண்ணீர் தேங்கி வாடிவிட்டது. தண்டை நகத்தால் கீறினேன், பால் வரவில்லை. அடியில் மண்ணைக் கிளறிப் பார்த்திருக்க வேண்டும். குனியப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் "செத்துப் போச்சு அன்ரி, மற்ற மரங்களுக்குத் தொற்றும், சாடியோடு எறியுங்க" என்றேன். தெருவோரம் வைத்தார். குப்பை வண்டிக்கு முன்னம் பக்கத்து வீட்டு வசந்தி எடுத்துப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கம் அத்தி காய்த்துத் தொங்கியது. சாடியை அன்ரி அடையாளம் கண்டுகொண்டார். செத்ததென்று நம்பித்தானே எறிந்தேன், திருப்பித் தா என்றார். எறிந்தது எறிந்ததுதான் என்றார் வசந்தி. நத்தார் பண்டிகைக்குக் கேக்கும் பொங்கலுக்குப் பொங்கலும் மதிலால் கைமாறிய வீடுகள், பேச்சை நிறுத்திவிட்டன. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். மரம் அன்றைக்கு உண்மையிலேயே செத்திருந்தால் வசந்திக்கு, உயிரோடு இருந்திருந்தால் அன்ரிக்கு. நான் சொல்வதை இருவரும் ஏற்பார்களாம்.

என் பிழை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். டவுன் முழுக்கத் தெரிந்துவிடுமே, பிறகு யார் கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். "அண்டைக்கு அது செத்துத்தான் கிடந்தது" என்றேன். மண் மாறினால் சிலவேளை திரும்ப முளைக்கும் என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன்.

வசந்திதான் வாய் திறந்தார். "இல்ல அண்ணன். நான் சாடியத் தூக்கக்குள்ளேயே அடியில பச்ச முள ஒண்டு இருந்திச்சு. கண்டுட்டுத்தான் எடுத்த நான். எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்." சொல்லிவிட்டுச் சாடியை அன்ரியின் கேற்றுக்கு இழுக்கத் தொடங்கினார். அன்ரி ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தார். எனக்காகத்தான் சொன்னேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக நானும் போய்ச் சாடிக்கு ஒரு கை கொடுத்தேன். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்:

"அவளுக்கு இரக்கப்பட்டுத்தானே மகனே பொய் சொன்ன நீ? இந்த மனசு ஆருக்கு வரும்!"

இப்போதெல்லாம் எந்த மரத்தையும் செத்ததென்று நான் சொல்வதில்லை, "இன்னும் ஒரு மழை பார்ப்பம்" என்கிறேன், சனம் அதை அனுபவம் என்று நினைத்து இன்னும் இரண்டு வீட்டுக்கு என்னைச் சிபாரிசு செய்கிறது.