பட்டு அடைத்த ஷூ

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், மறதியும் உண்டு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வசந்தாவின் ஷூவில் வந்த வாசனை மட்டும் மறக்கவில்லை, புது ரப்பரும் சாக்பீஸ் தூளும் கலந்த வாசனை. வசந்தா என் சித்தப்பா மகள், என்னைவிட நாலு மாதம் சின்னவள், ஒரே வகுப்பு. ஆரணியில் என் அப்பா நெய்த சேலைகளைச் சித்தப்பா வேலூருக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு, திரும்பும்போது மகளுக்கு ஏதாவது வாங்கி வருவார். அந்த முறை வெள்ளைக் கேன்வாஸ் ஷூ.

பள்ளியில் அப்போது 'ரிங்' ஆட்டம், அதாவது ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிப்பது. வாய் திறக்கக் கூச்சப்படுகிற நான் அதில் மட்டும் ஒன்றையும் கீழே விடமாட்டேன். பக்கத்துப் பள்ளியோடு போட்டி, அதுவும் சிமெண்டுத் தரையில் என்றதும் டீச்சர் சொன்னார்: "வெறுங்கால்ல ஆடுனா தோலு உரிஞ்சிடும், ரப்பர் செருப்பு கயண்டுகினு போவும். ஷூ போட்டுகினு வந்தாதான் எறக்குவேன். அடி தட்டையா இருக்கணும், குதிகாலு உள்ள ஆடக்கூடாது." எனக்கு ஷூ இல்லையென்றால் என் இடம் வசந்தாவுக்கு. அவளோ வளையம் வந்தால் கண்ணை மூடிக்கொள்பவள்.

தினம் சாயங்காலம் ஷூவோடு எங்கள் வாசலில் வந்து நிற்பாள். உள்ளே வாடி என்று அம்மா கூப்பிட்டால், "தறிவூட்டுக்குள்ள ஷூவோட வரக்கூடாதே பெரிம்மா, அதான் இங்கியே நிக்கிறேன்" என்று காலை மாற்றி மாற்றி வைப்பாள். கழற்றிவிட்டு வரலாம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. இரண்டு காலும் சுளுக்கிக்கொள்ளட்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பெரியப்பா மகன் போட்டுக் கழித்த ஷூ எனக்குக் கிடைத்தது. இரண்டு விரல் பெரிது. தறியடியில் சேர்ந்திருந்த பட்டுநூல் சிக்கை அள்ளி, முனையிலும் குதிகால் பக்கமும் அடைத்துப் போட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. வசந்தா பார்த்துவிட்டு, "ஆத்துல தண்ணியே இல்ல, இந்தப் படக எங்கடி ஓட்டப்போற?" என்றாள். உன் ஷூவுக்குள் பட்டு இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

போட்டியில் நன்றாகத்தான் ஆடினேன். கடைசியில் வளையம் இடப்பக்கம் ஒதுங்கி வந்தது, நானும் பக்கவாட்டில் பாய்ந்தேன், ஷூ நின்றுவிட்டது, உள்ளே பட்டின் மேல் கால் மட்டும் வழுக்கிக்கொண்டு போய் கணுக்கால் மடங்கிவிட்டது. நான் வேண்டிக்கொண்ட சுளுக்கு எனக்கே வந்தது. என் இடத்தில் வசந்தா இறங்கினாள், எங்கள் பள்ளி ஜெயித்தது, எவர்சில்வர் டம்ளரை அவள் கையில் கொடுத்தார்கள். வீட்டில் ஷூவைக் கவிழ்த்து உதறிய அம்மா, "பட்டு கையிலியே நிக்காது, காலுக்குள்ள நிக்குமாடி? பழந்துணி வெச்சிருந்தா கூட நின்னிருக்குமே" என்றாள். அந்த வருஷத்தோடு என் படிப்பு முடிந்தது, வசந்தா ஆறாம் வகுப்புக்குப் போனாள்.

போன மாதம் பேத்திக்கு ஷட்டில் ஆட ஷூ வாங்கப் போனோம். மினுமினுவென்று தடித்த அடியோடு இருந்த ஓடுகிற ஷூவைத்தான் அவள் எடுத்தாள். நான் அதை ஒதுக்கிவிட்டு, தரையைப் பிடிக்கிற தட்டை அடி பார்த்து, விரலுக்கு முன்னால் சுண்டுவிரல் அகலம் விட்டு, குதிகாலை அழுத்திப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரர், "ஆயா, நீங்க ஆடிகினு இருந்தவங்களா?" என்றார். பேத்தியின் ஷூக் கயிற்றைக் கட்டிவிடக் குனிந்துகொண்டேன்.

அந்தச் சிமெண்டுத் தரை இப்போது இல்லை, அங்கே வண்டி நிறுத்துகிறார்கள். ரிங் ஆடுகிற பிள்ளைகளையும் நான் பார்க்கவில்லை. டம்ளர் மட்டும் இருக்கிறது, சேவூரில் வசந்தா வீட்டில். போனால் அதில்தான் எனக்குக் காபி தருகிறாள். நான் விழுந்தபோது பதினெட்டுக்குப் பதினொன்று, நாங்கள் முன்னால் இருந்தோம், இருபத்தொன்றுக்கு இன்னும் மூன்றுதான் பாக்கி என்று ஞாபகம். யாராவது அவளிடம் கேட்டுச் சரிபார்த்துச் சொல்லுங்கள், நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.