மின்னாத வெள்ளை

காயத்துக்குக் கட்டுகிற துணி மின்னக் கூடாது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஓர் ஆலையின் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கற்றுக்கொண்ட முதல் விதி இது. துணியைத் தண்ணீரில் போட்டால் பத்து எண்ணுவதற்குள் மூழ்க வேண்டும், அமிலம் இருக்கக் கூடாது, நுரை வரக் கூடாது என்று வேறு விதிகளும் இருந்தன. அவற்றையெல்லாம் நோட்டைப் பார்த்துத்தான் செய்வேன். மின்னக் கூடாது என்பதற்கு மட்டும் எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. அதில் நான் அம்புட்டு கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தின் கதைதான் இது.

லேபின் மூலையில் பீரோ அளவுக்கு ஓர் இருட்டறை, வாசலில் கறுப்புத் திரை. உள்ளே ஊதா நிறத்தில் மங்கலாக எரியும் ஒரு குழல்விளக்கு. அதிலிருந்து வருவதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சம். சில கரிம மூலக்கூறுகள் அதை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாகத் திருப்பித் தரும். வாங்கியதை முழுதாகத் தராது. கொஞ்சம் உள்ளேயே சூடாகக் கரைந்துபோகும், மீதிதான் வெளியே வரும். அதனால்தான் ஊதாவுக்கு அப்பாலிருந்து வாங்கியது நீலமாகத் திரும்புகிறது. விளக்கை அணைத்த கணமே அதுவும் அணைந்துவிடும், எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாது. கல்லூரியில் வளையங்களையும் இரட்டைப் பிணைப்புகளையும் மேலே ஏறி இறங்கும் எலக்ட்ரானையும் படம் போட்டு மார்க் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த அறைக்குள் போய் நின்றபோதுதான் அது நிஜம் என்று நம்பினேன்.

சேர்ந்த புதிதில் கையில் கிடைத்ததையெல்லாம் அந்த விளக்கில் காட்டிப் பார்ப்பேன். பால்கோவாவைச் சுற்றி வந்த காகிதம் நீலமாக எரிந்தது. இலைச்சாற்றை ஸ்பிரிட்டில் எடுத்துக் காட்டினால் இரத்தச் சிவப்பு. மஞ்சள்தூள் பச்சையாக ஒளிரும். என் பல்லும் நகமும் வெளுப்பாகத் தெரியும். நல்ல பேண்டேஜ் துணி மட்டும் இருட்டோடு இருட்டாக, பழுப்பு கலந்த மங்கிய ஊதாவாகக் கிடக்கும். அதில் நீலம் தெரிந்தால் எங்கிருந்தோ வெளுப்புப் பொடி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புண்ணில் படுகிற துணியில் அது இருக்கக் கூடாது. ஒரே தடவையில் வெளுத்து வந்த அந்த லாட்டையே தள்ளிவிட வேண்டும்.

அந்த வெளுப்புப் பொடி அப்போது எல்லா மளிகைக் கடையிலும் சின்னச் சின்னப் பொட்டலமாகத் தொங்கும். சொட்டு நீலம் துணிக்குச் சாயம் ஏற்றும், அவ்வளவுதான். இந்தப் பொடி அப்படியல்ல. நூலோடு ஒட்டிக்கொண்டு, வெயிலில் இருக்கும் புற ஊதாவை வாங்கி நீல வெளிச்சத்தைக் கக்கும். பழுத்துப்போன துணியின் மஞ்சளை அந்த நீலம் மறைத்துவிடும். துணி வெளுத்திருக்காது, வெளுத்த மாதிரி தெரியும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களுக்காகவே செய்த சரக்கு.

என் அக்கா அந்தப் பொடியை வாரம் தவறாமல் வாங்குவாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். வ. புதுப்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். மூன்றாம் வருஷம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்து அத்தான் போய்விட்டார். பிள்ளை இல்லை. இருபத்தாறு வயதில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். எங்கள் வகையறாவில் புருஷனை இழந்தவள் வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டும். தெருவில் மற்றவர்கள் எப்போதோ விட்டுவிட்ட வழக்கத்தை எங்கள் ஆட்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைவிடக் கூடாத எத்தனையோ நல்ல வழக்கங்களைக் கைவிட்டவர்கள் அவர்கள்.

அக்காவிடம் இரண்டே வெள்ளைச் சேலைகள். மாற்றி மாற்றித் துவைத்து, வாளித் தண்ணீரில் பொடியைக் கரைத்து, அதில் முக்கிப் பிழிந்து கொல்லையில் காயப் போடுவாள். வெயிலில் பார்த்தால் கண் கூசும். இதற்கு எதற்கு இம்புட்டு மெனக்கெடல் என்று அம்மா ஒருநாள் சலித்துக்கொண்டபோது அக்கா சொன்னாள்: "கட்டுறது வெள்ளைதான்னு ஆகிப்போச்சு. அதையாவது பளிச்சுனு கட்டிட்டுப் போறேன்."

நான்தான் மேனேஜரிடம் கேட்டு அவளுக்கு ஆலையில் மடிப்புப் பகுதியில் வேலை வாங்கிக் கொடுத்தேன். வெளுத்துக் காய்ந்து வரும் துணியை மேஜையில் விரித்து, அளவாக வெட்டி, மடித்து அடுக்குகிற வேலை. காலையில் தூக்குவாளியோடு இருவரும் சேர்ந்து நடப்போம். வாசல்படியைத் தாண்ட அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்த வேலை. கல்யாண வீட்டுக்கோ சடங்கு வீட்டுக்கோ யாரும் அவளை அழைக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போனால்கூட ஓரமாகத்தான் நிற்க வேண்டும். மடிப்பு மேஜையில் மட்டும் அவள் எல்லாருக்கும் நடுவில் நின்றாள். அங்கே கையைப் பார்த்தார்கள், நெற்றியைப் பார்க்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில், அடுத்தடுத்து லாட்களில் நீலம் தெரிய ஆரம்பித்தது. துணி முழுவதும் அல்ல. மயிரிழை போல ஒன்றிரண்டு பிசிறு, அங்கங்கே நீலமாக எரிந்தது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. தண்ணீரைச் சோதித்தேன், சோப்பைச் சோதித்தேன், பேக்கிங் காகிதத்தைச் சோதித்தேன். கடைசியில் ஒரே துணியை மடிப்புக்கு முன்னும் பின்னும் எடுத்து விளக்கில் காட்டினேன். முன்னால் எடுத்தது சுத்தமாக இருந்தது. பின்னால் எடுத்ததில் நீலப் பிசிறுகள் இருந்தன. மடிக்கிறவர்களின் நைந்த உடுப்பிலிருந்துதான் அது உதிர்கிறது.

மடிப்புப் பகுதியில் பன்னிரண்டு பெண்கள். ஒவ்வொருவராக இருட்டறைக்கு அழைத்தேன். பார் சோப்பில் துவைத்த பழைய கலர் சேலைகள், விளக்கில் ஒன்றும் தெரியவில்லை. அக்காவைக் கடைசியாகக் கூப்பிட்டேன். தெரிந்தேதான் கடைசியாகக் கூப்பிட்டேன். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

அவள் அந்த அறைக்குள் வந்ததில்லை. திரையை இழுத்து விளக்கைப் போட்டேன். சேலை முழுவதும் நீலமாகப் பற்றிக்கொண்டது. முந்தானையிலிருந்து பாதம் வரை, மடிப்பு மடிப்பாக, அந்தச் சின்ன அறையே அவள் வெளிச்சத்தில் தெரிந்தது. தன் கையை நீட்டிப் பார்த்தாள். முந்தானையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். காலையில் மஞ்சள் பூசிக் குளித்திருந்தேன், அது பச்சையாகத் தெரிந்திருக்கும்.

"ஏட்டி, நீ பச்சப்பசேர்னு இருக்க" என்றாள். பிறகு குனிந்து தன்னைப் பார்த்துச் சிரித்தாள். "நானா இம்புட்டு வெளிச்சமா இருக்கேன்? செத்த நேரம் அணைக்காத."

அத்தான் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எதற்காக அழைத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் அணைக்காமல் நின்றேன். பிறகு அணைத்தேன், வெளியே வந்தேன், மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முதலில் கேட்டது இதைத்தான்: "ஒரே வீட்டுல இருக்கீங்க. ஒங்கக்கா பொடி போடுறது ஒங்களுக்கு இம்புட்டு நாளாத் தெரியாதாம்மா?"

தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாளியைப் பார்த்திருக்கிறேன். அதையும் லாட்டையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை. அவர் செய்யச் சொன்னது எளிய விஷயம். "எது பொடி போட்டது, எது போடாததுன்னு தினமும் யாரு பாத்துக்கிட்டிருக்கிறது? வெள்ளச் சேல வேண்டாம். பழைய கலர் சேல எதையாவது கட்டிட்டு வரச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா, ஊர் என்ன பேசும் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள். மறுநாள் கொல்லையில் நான் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றாள்.

"ஒங்கிட்ட பழைய பச்சச் சேல ஒண்ணு கெடக்குல்ல. அதத் தாரியா? ஆலைக்கிப் போயி மாத்திக்கிடுதேன். வரும்போது திரும்ப வெள்ளையக் கட்டிக்கிடுதேன். தெருவுல யாருக்குந் தெரியாது."

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த வாரம் என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. ஆலையில் வேலை செய்யும் பெண்களில் பாதிப்பேர் எங்கள் தெருக்காரர்கள். விஷயம் ஒருநாள்கூட மறையாது. அக்கா கலர் கட்டுகிறாள் என்று பேச்சு கிளம்பினால் என் சம்பந்தம் என்னாகும் என்று எண்ணினேன். ஊருக்காக அல்ல, எனக்காகத்தான் எண்ணினேன்.

"இப்ப வேண்டாம்க்கா. என் காரியம் முடியட்டும், பொறவு பாப்போம்."

அவள் தலையாட்டினாள். "நீ என்ன செய்வ. ஒஞ் சோலியத்தான பாத்த" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆலைக்கு வரவில்லை. காலையில் நான் மட்டும் தூக்குவாளியோடு இறங்குவேன். அவள் கதவோரம் நின்று, நான் தெருமுனை திரும்புகிறவரை பார்ப்பாள்.

என் காரியம் முடிந்தது. கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அதே லேபில் வேலையைத் தொடர்ந்தேன். மாமியார் வீட்டு அலமாரியில் இடம் போதவில்லை என்று, அந்தப் பச்சைச் சேலையை வேறு நாலு சேலையோடு பாத்திரக்காரனிடம் போட்டு ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். பேரம் பேசித்தான் வாங்கினேன். அக்கா ஞாபகம் வந்தது. வந்தும் போட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து, சம்பள நாளன்று அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். புறப்படும்போது அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தை என் பைக்குள் வைத்தாள். பழைய காலண்டர் தாளில் மடித்து நூலால் கட்டியிருந்தாள்.

"எஞ் சேலையில முந்தியோரம் வெட்டுனது. ஆலைய விட்டு நின்ன நாளா நா பொடியத் தொடல. எத்தனையோ தடவ தொவச்சாச்சு. அந்த வெளக்குல பாரு. மின்னலைன்னா மேனேஜர்ட்ட ஒரு வார்த்த சொல்லு. வெள்ளையக் கட்டிட்டே வாரேன்."

சரி என்றேன். மறுநாள் பொட்டலத்தை லேபுக்கு எடுத்துப் போய் என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். விளக்கு பத்தடி தூரத்தில் இருந்தது. மேனேஜர் அன்று கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை. மறுபடி அக்கா பேச்சை எடுத்தால் மறுபடி அதைக் கேட்பார் என்று கூச்சம். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்புறம் பிள்ளை பிறந்தான். நாளைக்கு என்பது எனக்கு மட்டும் தீராமல் இருந்தது.

அக்கா கேட்டது ஒரே ஒரு முறை. "பாத்தியாட்டி?" என்றாள். வேலை அதிகம், பார்க்கிறேன் என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நாலு நாள் காய்ச்சலில் அக்கா போனாள். வீட்டில் ஆண்பிள்ளை இல்லாததால் பிறந்த வீட்டுக் கோடித் துணியை நான்தான் வாங்கிப் போனேன். பெரியவர்கள் சொன்னபடி வெள்ளைச் சேலை. கடைச் சரக்கு, மில்லிலேயே பொடி ஏற்றி அனுப்பியிருப்பார்கள். வாசலில் வெயிலில் அவள்மேல் போர்த்தியபோது கண் கூசுகிற நீல வெள்ளையாக இருந்தது. "எம்புட்டு பளிச்சுனு போறா பாரு" என்று யாரோ ஒரு கிழவி சொன்னாள். நான் அழுதேன். எதற்கு அழுதேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குப் போன அன்று மேஜை இழுப்பறையைத் திறந்தேன். காலண்டர் தாள் அப்படியே இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் எடுத்தேன். திரையை இழுத்து, விளக்கைப் போட்டு, துணியைப் பிரித்து வைத்தேன்.

மின்னவில்லை. நாங்கள் அனுப்பும் முதல்தரத் துணியைப் போலவே, பழுப்பு கலந்த மங்கிய ஊதாவாக இருட்டில் கிடந்தது. நாலு ஓரத்திலும் மட்டும் நூலிழையாக ஒரு நீலக்கோடு ஓடியது. சோதிக்கும்போது பிசிறு உதிரக் கூடாது என்று ஓரத்தை மடித்துத் தைத்திருக்கிறாள். தைக்கக் கடையில் வாங்கிய நூலில் பொடி இருந்திருக்கிறது, பாவம், அது அவளுக்கு எப்படித் தெரியும். அவள் போட்ட ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே அளவு.

விளக்கை அணைக்க மனம் வரவில்லை. வெளியே மடிப்புப் பகுதிப் பெண்கள் சாப்பாட்டுக்குக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. வெகுநேரம் நின்ற பிறகு வெளியே வந்து சோதனை நோட்டை எடுத்தேன். அன்றைய தேதியைப் போட்டேன். லாட் எண் எழுதுகிற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை, அதை வெறுமனே விட்டேன். அதற்கு அடுத்த கட்டத்தில், தேறிய லாட்டுக்கு வழக்கமாக எழுதுகிற மாதிரியே, ஏற்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.